வேடமும் அடக்கமும்: அலெக் கின்னஸின் திரை, தொலைக்காட்சி நடிப்பு

ஆய்வுச் சுருக்கம்

இருபதாம் நூற்றாண்டின் பிரித்தானிய நடிகர்களுள் அலெக் கின்னஸ் (1914 – 2000) உருமாற்றத்திற்குப் பெயர்பெற்றவர். ஒரே படத்தில் எட்டுப் பாத்திரங்களை ஏற்றவர் என்றும், ஒவ்வொரு படத்திலும் அடையாளம் தெரியாதபடி மாறுபவர் என்றும் அவரைக் குறிப்பிடுவது வழக்கம். அவருடைய ஏறத்தாழ அரை நூற்றாண்டுத் திரைவாழ்வில் தன்னை மறைத்துக்கொள்வதற்கு இருவேறு வழிகள் கையாளப்பட்டன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. ஒன்று ஒப்பனையால் மறைதல். மற்றொன்று அசைவைக் குறைத்து மறைதல். முதல் வழி அவருக்குப் புகழையும் வழக்கையும் ஒருங்கே தந்தது. இரண்டாம் வழி, 1979இல் பிபிசி தயாரித்த தொலைக்காட்சித் தொடரில் தனக்குரிய ஊடகத்தைக் கண்டடைந்தது.

திறவுச்சொற்கள்: அலெக் கின்னஸ், திரைநடிப்பு, ஒப்பனை, மெய்ப்பாடு, ஈலிங் நகைச்சுவைப் படங்கள், டேவிட் லீன், ஜார்ஜ் ஸ்மைலி, தொலைக்காட்சி நாடகம்.

முன்னுரை

நடிகரின் உடல் வழியாகவே உணர்வு பார்வையாளரைச் சென்றடைகிறது. உள்ளத்து நிகழ்வு உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்னும் சொல்லால் தமிழ் இலக்கண மரபு குறிக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரம் இதற்கெனத் தனி இயல் ஒன்றையே வகுத்துள்ளது. இச்சொல் வெளிப்படுவதை மட்டுமன்றி, வெளிப்படாமல் அடக்கப்படுவதைப் பற்றியும் சிந்திக்க இடந்தருகிறது. அடக்கப்பட்ட உணர்வும் உடலில் ஏதோ ஒரு சுவட்டைப் பதித்தே செல்கிறது. அச்சுவட்டை நாடக அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருப்பவர் காண்பது அரிது. அண்மைக் காட்சியில் ஒளிப்படக்கருவி காண்கிறது. நாடகமேடையில் பயின்று திரைக்கு வந்த நடிகர் அனைவரும் இவ்வேறுபாட்டை ஏதோ ஒரு கட்டத்தில் எதிர்கொள்ள நேர்கிறது.

அலெக் கின்னஸின் தொழில்வாழ்வு இதனை ஆராய்வதற்கு நல்ல சான்றாக அமைகிறது. மேடை, திரைப்படம், தொலைக்காட்சி ஆகிய மூன்று ஊடகங்களிலும் அவர் முதன்மையான இடம் பெற்றார். மூன்றிலும் அவர் நடிப்பு ஒரே தன்மையதாக இருந்ததில்லை. அம்மாற்றத்தைக் கால வரிசையில் பின்தொடர்ந்து, அதன் காரணங்களை விளக்க இக்கட்டுரை முயல்கிறது. அவருடைய படங்கள் அனைத்தையும் பட்டியலிடுவது இதன் நோக்கமன்று. மாற்றத்தைக் காட்டும் பாத்திரங்களே தெரிந்தெடுக்கப்பட்டுள்ளன.

மேடைப் பயிற்சியும் திரைநுழைவும்

கின்னஸ் 1914 ஏப்ரல் 2ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவருடைய பிறப்புச் சான்றிதழில் தந்தையின் பெயருக்குரிய இடம் வெறுமையாக விடப்பட்டிருந்தது. இளமையில் விளம்பர நிறுவனம் ஒன்றில் வாசகம் எழுதும் பணியிலிருந்த அவர், நடிப்புப் பயிற்சி பெற்று 1934இல் மேடையேறினார். அவ்வாண்டிலேயே ஜான் கில்குட் தாம் இயக்கிய 'ஹாம்லெட்' நாடகத்தில் ஓஸ்ரிக் என்னும் சிறுபாத்திரத்தை அவருக்கு அளித்தார். நான்கே ஆண்டுகளில், 1938இல், ஓல்ட் விக் அரங்கில் டைரோன் கத்ரி இயக்கிய தற்கால உடையிலான 'ஹாம்லெட்'டில் கின்னஸ் தலைமைப் பாத்திரத்தை ஏற்றார்.

1939இல் சார்லஸ் டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' புதினத்தை அவரே நாடகமாக்கினார். அதில் ஹெர்பர்ட் பாக்கெட் என்னும் பாத்திரத்தை ஏற்றும் நடித்தார். அந்நாடகத்தைக் கண்டவர்களுள் டேவிட் லீனும் ஒருவர். அப்போது படத்தொகுப்பாளராக இருந்த லீன், பின்னர் இயக்குநராகி 1946இல் அப்புதினத்தைப் படமாக்கியபோது அதே பாத்திரத்திற்குக் கின்னஸை அழைத்தார். இடைப்பட்ட போர்க்காலத்தில் கின்னஸ் கடற்படையில் பணியாற்றினார். 1943இல் சிசிலித் தீவின்மீது நேசநாடுகள் படையெடுத்தபோது தரையிறங்கு கலம் ஒன்றின் பொறுப்பில் இருந்தார்.

முதற்படத்தில் ஹெர்பர்ட் பாக்கெட்டாக வரும் கின்னஸிடம் ஒப்பனை மிகுதியில்லை. இளமையும் இனிமையும் கலந்த இயல்பான முகமே அதில் காணப்படுகிறது. அம்முகத்தை உடனடியாகத் துறந்துவிட வேண்டும் என்ற விருப்பம் அவரிடம் இருந்ததை அடுத்த படம் காட்டுகிறது.

ஒப்பனையால் மறைதல்: இரண்டு விளைவுகள்

1948இல் லீன் இயக்கிய 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில் ஃபேகின் என்னும் முதிய பாத்திரத்தைத் தமக்குத் தருமாறு கின்னஸ் தாமே கேட்டார். முப்பத்து மூன்று அகவையினரான அவர் அதற்குப் பொருந்துவார் என்று லீன் முதலில் நம்பவில்லை. ஒப்பனையுடன் வந்து காட்டிய பின்னரே இசைந்தார். டிக்கன்ஸின் புதினத்திற்கு ஜார்ஜ் குரூக்ஷாங்க் வரைந்த ஓவியங்களை அடிப்படையாகக் கொண்டு, ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன் அவ்வுருவத்தை அமைத்தார். பெரிய மூக்கும் சடைபற்றிய தாடியும் கனத்த இமைகளுமாக, கின்னஸின் சொந்த முகத்தின் சுவடே இல்லாத உருவம் அது.

தொழில்நுட்ப நோக்கில் இது பெரும் வெற்றி. ஆயின் அவ்வொப்பனை பத்தொன்பதாம் நூற்றாண்டின் யூத வெறுப்புக் கேலிச்சித்திர மரபை உயிருள்ள முகத்தின்மேல் ஏற்றியது. ஐரோப்பிய யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்பட்டு மூன்றாண்டுகளே கடந்திருந்தன. 1949இல் பெர்லினில் இப்படம் திரையிடப்பட்டபோது யூதர்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அமெரிக்க ஒன்றியத்தில் வெளியீடு தள்ளிப்போடப்பட்டு, சில காட்சிகள் நீக்கப்பட்ட பின்னரே 1951இல் படம் திரைக்கு வந்தது. நூலின் சித்திரத்திற்கு நடிகர் உண்மையாக இருந்தார் என்பது இங்குப் போதிய விடையாகவில்லை. அச்சித்திரம் யாருடைய கண்ணால் வரையப்பட்டது என்னும் வினாவே மேலெழுந்தது. இவ்வினா கின்னஸின் தொழில்வாழ்வு முழுவதும் தொடர்ந்து வருவதைப் பின்னர்க் காணலாம்.

மறுவிளைவு 1949இல் ராபர்ட் ஹேமர் இயக்கிய 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்' படத்தில் நிகழ்ந்தது. மேற்கு இலண்டனிலிருந்த ஈலிங் படப்பிடிப்பகத்தின் தயாரிப்பு இது. உயர்குடியிலிருந்து ஒதுக்கப்பட்ட பெண்ணின் மகன், பிரபுப் பட்டத்தை அடையத் தனக்கு முன்னுள்ள உறவினர்களை ஒவ்வொருவராக அகற்றுவதே கதை. அவ்விளைஞனாக டென்னிஸ் பிரைஸ் நடிக்க, டாஸ்காயின் குடும்பத்தின் எட்டு உறுப்பினர்களையும் கின்னஸ் ஏற்றார். பிரபு, வங்கியாளர், மதகுரு, படைத்தளபதி, கடற்படைத் தலைவர், இரண்டு இளைஞர்கள், பெண் வாக்குரிமைக்காகப் போராடும் அகதா சீமாட்டி ஆகியோர் அவ்வெண்மர்.

தேவாலயக் காட்சியில் அறுவர் ஒரே சட்டகத்துள் அமர்ந்திருப்பது இன்றும் வியப்புடன் பேசப்படுகிறது. ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகோம்ப் கருவியை அசையாமல் நிறுத்தி, ஆடியின் பகுதிகளை மாறிமாறி மறைத்து, ஒரே படச்சுருளில் பலமுறை பதிவுசெய்து இதனை உருவாக்கினார். ஆனால் படத்தின் வலிமை இவ்வுத்தியில் அடங்கிவிடவில்லை. எண்மருக்கும் கின்னஸ் தந்த வேறுபாடு பெரும்பாலும் நடை, குரல், தலையை வைத்திருக்கும் பாங்கு ஆகியவற்றில் அமைந்தது. அவர்கள் வேறுபட்டவர்களாகத் தோன்றும் அதே வேளையில் ஒரே குருதியினராகவும் தோன்றுகின்றனர். உயர்குடி என்பது எத்தனை உடை மாற்றினாலும் மாறாத ஒரே முகம் என்னும் அங்கதம் அதனால் கூர்மை பெறுகிறது. ஒப்பனை இங்குப் படத்தின் பொருளோடு ஒன்றிவிட்டது. சொந்த வகுப்பாரையே எள்ளுவதால் எவரையும் புண்படுத்தவுமில்லை.

எளிய மனிதரின் முகம்

ஈலிங் நிறுவனத்திற்காகக் கின்னஸ் நடித்த பிற படங்களில் வேறொரு போக்கு தொடங்குகிறது. சார்லஸ் கிரைட்டன் இயக்கிய 'தி லாவெண்டர் ஹில் மாப்' (1951) படத்தில் அவர் ஏற்ற ஹாலண்ட் என்பவர் வங்கி எழுத்தர். பொன் கட்டிகளை ஏற்றிச்செல்லும் வண்டிக்கு இருபதாண்டுகள் பொறுப்பாயிருந்தவர். நேர்மையாளர் என்ற பெயரே அவருக்கு மறைவிடமாகிறது. பொன்னைக் கொள்ளையிட்டு, உருக்கி, ஈபிள் கோபுர வடிவிலான நினைவுப் பொருள்களாக வார்த்துப் பாரிசுக்கு அனுப்புகிறார். ஹாலண்ட் கண்ணாடி அணிந்த, எவரும் இருமுறை திரும்பிப் பாராத மனிதர். அவர் உள்ளத்தின் ஆசை கண்களில் நொடிப்பொழுது ஒளிர்ந்து மறைவதைத் தவிர வேறு வெளிப்பாடு இல்லை. இப்பாத்திரத்திற்காகக் கின்னஸ் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

அதே ஆண்டில் அலெக்சாண்டர் மெக்கெண்ட்ரிக் இயக்கிய 'தி மேன் இன் தி ஒயிட் சூட்' படத்தில், அழுக்குப் படியாத, கிழியாத துணியைக் கண்டுபிடிக்கும் அறிவியலாளராக அவர் வந்தார். ஆலை முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒருங்கே அவரைத் துரத்துகின்றனர். மெக்கெண்ட்ரிக்கே இயக்கிய 'தி லேடிகில்லர்ஸ்' (1955) படத்திலோ கின்னஸ் மீண்டும் துருத்திய பற்களும் நீண்ட கழுத்துத் துணியுமாகப் பேராசிரியர் மார்க்கஸ் என்னும் கொடுங்கனவு உருவத்தை ஏற்றார். ஆக, 1950களின் நடுப்பகுதிவரை ஒப்பனையும் அடக்கமும் அவரிடம் மாறிமாறி இடம்பெற்றன. இவற்றுள் எது மேலோங்கும் என்பது அப்போது தெளிவாகவில்லை.

'குவாய்' பாலம்: பெருமிதத்தின் நடிப்பு

1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' கின்னஸின் வாழ்வில் திருப்புமுனையாயிற்று. பியேர் பூல் எழுதிய பிரெஞ்சுப் புதினத்தைத் தழுவிய இப்படத்தை லீன் இயக்கினார். கர்னல் நிக்கல்சன் பாத்திரத்தைக் கின்னஸ் முதலில் மறுத்தார். தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் பேசி இணங்கவைத்தார். படப்பிடிப்பின்போதும் பாத்திரத்தின் தன்மை பற்றி லீனுக்கும் அவருக்கும் கருத்து மாறுபாடு நிலவியது. நிக்கல்சனிடம் நகைச்சுவையும் மனிதநேயமும் சற்று வேண்டும் எனக் கின்னஸ் கருதினார். இயக்குநரோ வளைந்துகொடுக்காத, சலிப்பூட்டும் அளவுக்கு ஒழுங்குடைய மனிதரையே வேண்டினார். திரையில் நாம் காண்பது இவ்விரு கருத்துகளின் இழுபறியில் பிறந்த பாத்திரம் எனலாம். தம் அதிகாரிகள் உடலுழைப்பில் ஈடுபடக் கூடாது என்பதற்காகச் சித்திரவதையை ஏற்கும் உறுதியும், பகைவனுக்கு உறுதியான பாலம் கட்டிக்கொடுப்பதில் பெருமை காணும் பேதைமையும் ஒரே பண்பின் இரு பக்கங்களாக அதில் தெரிகின்றன.

இங்கு ஒப்பனை ஏறத்தாழ இல்லை. தகரக் கூண்டில் நாள்கணக்கில் அடைபட்டுக் கிடந்த நிக்கல்சன் வெளியே கொண்டுவரப்படும் காட்சி சிறந்த சான்றாகும். நிமிர்ந்து நடக்க அவர் முயல்கிறார். கால்கள் ஒத்துழைக்க மறுக்கின்றன. இளம்பிள்ளைவாத நோயிலிருந்து மீண்டுவந்த தம் மகனின் நடையை ஓரளவு பின்பற்றியே இதனை அமைத்ததாகக் கின்னஸ் கூறியுள்ளார். உடலின் தளர்ச்சியை மனத்தின் பெருமிதம் மறைக்க முயல்வதும் முயன்று தோற்பதும் ஒரே நடையில் வெளிப்படுகின்றன. வலியை முகத்தில் காட்டும் நடிகர் பலர். வலியை மறைக்கும் முயற்சியைக் காட்டுவது அரிய திறம்.

இறுதிக் காட்சியில் தாம் செய்தது இன்னதென்று நிக்கல்சன் உணர்கிறார். குண்டடிபட்டு வெடிக்கருவியின் பிடிமேல் சாய்கிறார், பாலம் தகர்கிறது. அவர் வேண்டுமென்றே விழுந்தாரா, தற்செயலாகவா என்பதைப் படம் தீர்த்துச் சொல்லவில்லை. கின்னஸின் முகமும் அதனை வெளிப்படுத்தவில்லை. இவ்வையமே காட்சியின் ஆழம். இப்பாத்திரத்திற்காக அவர் சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். படம் மொத்தம் ஏழு ஆஸ்கர் விருதுகளை வென்றது. 1959இல் பிரித்தானிய அரசு அவருக்கு 'சர்' பட்டம் வழங்கியது.

இப்படம் தமிழ் ஆய்வாளர்க்கு மற்றொரு வகையிலும் கருதத்தக்கது. கதை நிகழுமிடம் தாய்லாந்து எனினும் படப்பிடிப்பு நடந்தது இலங்கையில். களனி ஆற்றங்கரையில் கித்துல்கல என்னும் ஊருக்கருகே பாலம் கட்டப்பட்டுத் தகர்க்கப்பட்டது. வரலாற்றில், 1942 – 43ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த ஏறத்தாழ 415 கி.மீ. நீளமுள்ள அவ்விருப்புப்பாதையில் நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல் மடிந்தனர். ஆசியத் தொழிலாளர்களின் இறப்பு அதனைப் பன்மடங்கு விஞ்சியது. மலாயா இரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பெருந்தொகையினர். மலேசியத் தமிழரின் நினைவில் 'சயாம் மரண இரயில்' என்று நிலைத்துள்ள அத்துயரத்தின் அம்மாந்தர் இப்படத்தின் கதையில் இடம்பெறவில்லை. பிரித்தானிய அதிகாரி ஒருவரின் உள்ளத்தைக் கின்னஸ் எவ்வளவு நுட்பமாகத் திறந்து காட்டினாரோ, அவ்வளவுக்கு அவ்வுள்ளமே அந்நிகழ்வின் மையம் என்று உலகப் பார்வையாளர் நம்பலாயினர். ஒரு நடிப்பின் நிறைவு வரலாற்றின் ஒரு பகுதியை மறைப்பதற்கும் துணைபோகக்கூடும் என்பதை இங்குக் குறிப்பிடுதல் தகும்.

பிறர் முகம் அணிதல்

'குவாய்' பெற்றுத்தந்த உயரத்திற்குப் பின்னும் கின்னஸ் ஒப்பனையைக் கைவிடவில்லை. 'தி ஹார்சஸ் மௌத்' (1958) படத்தில் முரட்டு ஓவியராக நடித்ததுடன் அதன் திரைக்கதையையும் எழுதி ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். 'டியூன்ஸ் ஆஃப் குளோரி' (1960) படத்தில் குடியும் ஆரவாரமும் மிக்க ஸ்காட்லாந்துப் படை அதிகாரியாக வந்தார். இவை அவருடைய எல்லை எவ்வளவு விரிந்தது என்பதைக் காட்டுவன.

சிக்கல் எழுவது வேறோர் இடத்தில். 'எ மெஜாரிட்டி ஆஃப் ஒன்' (1961) படத்தில் சப்பானிய வணிகராகவும், லீனின் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' (1962) படத்தில் அரபு இளவரசர் பைசலாகவும், அதே இயக்குநரின் 'எ பேசேஜ் டு இந்தியா' (1984) படத்தில் இந்தியப் பேராசிரியர் காட்போலேயாகவும் அவர் நடித்தார். இவற்றுள் பைசல் பாத்திரம் ஒப்பீட்டளவில் நின்று நிலவுகிறது. 1960இல் டெரன்ஸ் ராட்டிகனின் 'ராஸ்' நாடகத்தில் டி.இ. லாரன்ஸாகவே மேடையில் நடித்திருந்த கின்னஸ், இரண்டாண்டுகளில் லாரன்ஸை ஐயத்துடன் நோக்கும் அரபுத் தலைவராகத் திரையில் அமர்ந்தார். தாழ்ந்த குரலும் அவசரமின்மையும் அரசியல் கூர்மையும் அப்பாத்திரத்தைத் தாங்குகின்றன. எனினும் நிறம் பூசிய முகம் என்னும் உண்மை மாறுவதில்லை.

காட்போலேயில் அந்தத் தாங்குதலும் இல்லை. அப்படத்தில் விக்டர் பானர்ஜி, சயீத் ஜாஃப்ரி, ரோஷன் சேத் ஆகிய இந்திய நடிகர்கள் முக்கியப் பாத்திரங்களை ஏற்றிருந்தனர். அவர்கள் நடுவே வண்ணம் பூசிய ஆங்கிலேய நடிகர் வந்து நிற்கும்போது, முன்பு ஒருவேளை கவனிக்கப்படாமல் போயிருக்கக்கூடிய செயற்கைத்தன்மை ஒவ்வொரு காட்சியிலும் வெளிப்படையாகிறது. அவர் நடித்த சில பகுதிகள் படத்தொகுப்பில் நீக்கப்பட்டதும் அவருக்கு மனக்குறையாயிற்று. ஃபேகினின்போது பெர்லினில் எழுந்த வினா இங்கு மீண்டும் எழுகிறது. பிறர் முகத்தை அணியும் உரிமையைக் கலைத்திறம் மட்டுமே வழங்கிவிடுமா? டாஸ்காயின் குடும்பத்தை அவர் அணிந்தபோது கீழிருந்து மேல்நோக்கிய அங்கதம் இருந்தது. காட்போலேயை அணிந்தபோது ஆட்சி செய்தவரின் கண் ஆளப்பட்டவரின் உருவத்தைத் தீர்மானித்தது. ஒரே உத்தி இரு வேறு மதிப்பைப் பெறுவதற்கு இத்திசை வேறுபாடே காரணம்.

'ஸ்டார் வார்ஸ்' – புகழும் முரணும்

1977இல் ஜார்ஜ் லூகாஸ் இயக்கிய 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஓபி-வான் கெனோபி என்னும் முதிய வீரராகக் கின்னஸ் நடித்தார். வருவாயில் பங்கு பெறும் ஒப்பந்தம் அவருக்குப் பெருஞ்செல்வம் ஈட்டித்தந்தது; சிறந்த துணைநடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஆனால் அப்படத்தின் உரையாடல்கள் அவருக்கு உவப்பளிக்கவில்லை. தம் வாழ்நாள் உழைப்பு முழுவதும் இவ்வொரு பாத்திரத்தால் மறைக்கப்படுவது அவரை வருத்தியது.

நடிப்பாய்வுக்கு இப்பாத்திரம் பொருட்படுத்தத்தக்கதே. சிறப்புத் தோற்றங்களும் வெடிப்பொலிகளும் நிறைந்த படத்தில் கெனோபி ஒருவரே அசையாமல் நிற்கிறார். தாம் கொல்லப்படும் நொடியில் எதிரியை நோக்கிப் போரிடுவதை நிறுத்தி, இளைஞனை ஒருமுறை பார்த்து, மெல்ல முறுவலித்து வாளை நிமிர்த்துகிறார். பார்வையாளர் நம்ப வேண்டிய 'ஆற்றல்' என்னும் கற்பனைக் கருத்துக்கு அம்முறுவலே சான்றாகிறது. அடக்கம் என்னும் இரண்டாம் வழி அவருக்குள் முதிர்ந்துவிட்டதை இக்காட்சி உணர்த்துகிறது. திரைநடிப்புக் கலையை வளர்த்தமைக்காக 1980இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது.

சின்னத்திரையும் கேட்கும் நடிப்பும்

ஜான் லெ காரே எழுதிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' புதினத்தை பிபிசி 1979இல் ஏழு பகுதிகள் கொண்ட தொடராக ஒளிபரப்பியது. ஆர்தர் ஹாப்கிராஃப்ட் திரைவடிவம் தர, ஜான் இர்வின் இயக்கினார். பிரித்தானிய உளவுத்துறையின் உச்சியில் ஒளிந்திருக்கும் இரட்டை உளவாளியைக் கண்டறிய, ஓய்வுபெற்ற ஜார்ஜ் ஸ்மைலி மறைவாக அழைக்கப்படுகிறார். புதினத்தின் ஸ்மைலி குட்டையானவர், பருத்தவர். அவ்வுருவம் தமக்கில்லை எனக் கின்னஸ் தயங்கினார். இளமைக்காலக் கின்னஸாயின் உடலைப் பருக்கவைக்கும் ஒப்பனையை நாடியிருக்கக்கூடும். அறுபத்தைந்தாம் அகவையில் அவர் வேறு வழியைத் தேர்ந்தார். லெ காரே வழியாக, உளவுத்துறையின் முன்னாள் தலைவர் மாரிஸ் ஓல்ட்ஃபீல்டை ஒரு மதிய உணவில் சந்தித்து, அவருடைய பழக்கங்களைக் கூர்ந்து நோக்கினார்.

இக்கதையின் அமைப்பு நடிகருக்கு வழக்கமான வாய்ப்புகளைத் தருவதில்லை. துரத்தலும் துப்பாக்கியும் குறைவு. ஸ்மைலி ஒருவர்பின் ஒருவராகப் பழைய பணியாளர்களைச் சந்திக்கிறார், அவர்கள் பேசுகிறார்கள், அவர் கேட்கிறார். ஆகவே தொடர் முழுவதும் கின்னஸின் முதன்மைப் பணி கேட்பதாகவே அமைந்தது. பேசுபவர் எதனை விடுத்துப் பேசுகிறார் என்பதை உணர்ந்த நொடியில் அவர் தலை சற்றே தாழ்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். வினா ஒன்றை விருப்பமில்லாதவர்போல் வீசுகிறார். வள்ளுவர் அரசியலிலும் காதலிலும் தனித்தனி அதிகாரமாக வைத்த குறிப்பறிதல் என்னும் திறனுக்குத் திரையில் ஓர் உருவம் வேண்டுமாயின் இதனையே காட்டலாம். இவ்விரண்டிலும் ஸ்மைலியின் நிலை வேறுவேறாக இருப்பது கதையின் துயரம். பகைவரின் குறிப்பை அறிபவர், மனைவி ஆன் விலகிச் செல்வதைத் தடுக்க இயலாதவராக நிற்கிறார்.

இவ்வடக்கத்தின் பொருள் தில்லிச் சிறைக் காட்சியில் தலைகீழாகிறது. சோவியத் உளவுத்தலைவன் கார்லாவைப் பல்லாண்டுகளுக்கு முன் சிறையில் சந்தித்ததை ஸ்மைலி நினைவுகூர்கிறார். அச்சந்திப்பில் ஸ்மைலியே பேசிக்கொண்டிருக்கிறார். பேட்ரிக் ஸ்டூவர்ட் ஏற்ற கார்லா ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருக்கிறார். பேசியவர் தம்மை வெளிப்படுத்திவிட்டார், பேசாதவர் வென்றார். தொடரின் பிற இடங்களில் ஸ்மைலி காக்கும் மௌனம் அத்தோல்வியிலிருந்து கற்ற பாடம் என்பதைப் பார்வையாளர் அப்போது உணர்கின்றனர். கின்னஸின் நடிப்புமுறை இங்குப் பாத்திரத்தின் வரலாறாகவே மாறிவிடுகிறது.

தொலைக்காட்சி இதற்குப் பொருத்தமான ஊடகமாக அமைந்ததற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது அளவு: வீட்டுத் திரையில் முகம் ஏறத்தாழ உண்மை அளவில் தோன்றுகிறது, ஆகவே சிறு அசைவு சிறு அசைவாகவே நிற்கிறது. இரண்டாவது காலம்: ஏழு வாரங்கள் ஒரே முகத்துடன் பழகிய பார்வையாளர் அதன் இயல்பு நிலையை அறிந்துகொள்கிறார், இயல்பு தெரிந்தால்தான் விலகலும் தெரியும். மூன்றாவது சூழல்: வீட்டில் தனித்தோ சிலரோடோ அமர்ந்து காண்பவர், ஒட்டுக்கேட்பவர்போல் கதையோடு நெருங்குகிறார். போட்டி நிறுவனமான ஐடிவி வேலைநிறுத்தத்தால் முடங்கியிருந்ததும் பார்வையாளரைப் பெருக்கியிருக்கும். ஆனால் தொடர் நிலைபெற்றதை அதனால் மட்டும் விளக்கிவிட முடியாது. 1982இல் 'ஸ்மைலீஸ் பீப்பிள்' என்னும் ஆறு பகுதித் தொடர் வந்தது. இரண்டிற்கும் கின்னஸ் பிரித்தானியக் கழகத்தின் சிறந்த தொலைக்காட்சி நடிகர் விருதைப் பெற்றார். இரண்டாம் தொடரின் முடிவில் கார்லா எல்லை கடந்து வந்து சரணடைகிறார்; ஸ்மைலியின் முகத்தில் வெற்றிக் களிப்பு எதுவும் தோன்றவில்லை. வெல்வதற்காகத் தாம் கையாண்ட கொடிய வழியின் சுமையே அங்குத் தங்கியிருக்கிறது.

தாம் படைத்த பாத்திரம் கின்னஸின் உடைமையாகிவிட்டது என்னும் கருத்தை லெ காரே பின்னாளில் வெளிப்படுத்தினார். எழுத்தில் பருத்த உருவமாயிருந்தவரை, உருவ ஒற்றுமை இல்லாத நடிகர் தமதாக்கிக்கொண்டார். பாத்திரத்தின் உண்மை புறத்தோற்றத்தில் இல்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அவர் வாழ்விலேயே வேறில்லை.

முடிவுரை

கின்னஸ் ஒப்பனையிலிருந்து அடக்கத்திற்கு நேர்கோட்டில் வளர்ந்தார் என்று கூறுவது எளிது; சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. அடக்கம் 1951இல் ஹாலண்டிலேயே உள்ளது. ஒப்பனை 1984இல் காட்போலேயிலும் தொடர்கிறது. இரு வழிகளும் இறுதிவரை உடன்வந்தன என்பதே பொருந்தும். மாறியது அவற்றின் விளைவு. சொந்தச் சமூகத்தை நோக்கிய ஒப்பனை அங்கதமாக நிலைத்தது. பிற இனத்தாரை நோக்கிய ஒப்பனை காலத்தின் வினாவுக்கு விடைதர இயலாது நின்றது. அடக்கமோ ஊடகம் சிறிதாகச் சிறிதாக வலிமை பெற்றது. 1987இல் கிறிஸ்டின் எட்சார்டின் 'லிட்டில் டோரிட்' படத்தில் சிறையிலேயே முதுமையெய்திய தந்தையாக நடித்து அவர் மீண்டும் ஆஸ்கர் பரிந்துரை பெற்றார். டிக்கன்ஸில் தொடங்கிய திரைப்பயணம் டிக்கன்ஸுக்கே திரும்பியபோது, ஃபேகினுக்குத் தேவைப்பட்ட மூக்கும் தாடியும் தேவைப்படவில்லை. 2000 ஆகஸ்டு 5ஆம் நாள் அவர் மறைந்தார்.

நடிப்பைப் பற்றிய ஆய்வுகள் வெளிப்பாட்டையே அளவுகோலாகக் கொள்வது வழக்கம். பேச்சுத்திறம், உணர்ச்சிப்பெருக்கு, உருமாற்றம் ஆகியன எளிதில் கண்ணுக்குத் தெரிவதால் அவை முதலில் பாராட்டப்படுகின்றன. கேட்கும் முகம், மறைக்கப்படும் வலி, சொல்லப்படாத வெற்றி ஆகியவற்றையும் மெய்ப்பாடாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயும்போது நடிகரின் திறம், பார்வையாளரின் இடம், திரையின் அளவு, காலத்தின் நீட்சி ஆகிய அனைத்தும் ஒரே ஆய்வுக்குள் வந்துசேர்கின்றன. எட்டு முகங்களை அணிந்த கின்னஸைக் காட்டிலும், ஒரே முகத்தை ஏழு வாரம் அசையாமல் வைத்திருந்த கின்னஸிடம் நடிப்பாய்வு கற்கவேண்டியது மிகுதி.